சித்திரகுப்தன் இல்லாத பாலை

மெகாடன் என்ற ஊரை அணுகுண்டால் துடைத்தெறிந்த கையோடு ரிவெட் சிட்டிக்கு நடந்துபோனேன். அங்கே வாசலில் தாகத்தோடு உட்கார்ந்திருந்த பிச்சைக்காரருக்குத் தண்ணீர் கொடுத்தேன். ஒரு பாட்டில் இல்லை, மூட்டையில் இருந்த அத்தனையும். ஒவ்வொரு பாட்டிலுக்கும் கர்மா கூடியதாகத் திரையில் ஒரு வரி மின்னி மறைந்தது. ஊரைக் கொன்றவன் கொஞ்சம் கொஞ்சமாக நடுத்தர மனிதன் ஆனேன். இன்னும் நாலு பாட்டில் கூடுதலாக இருந்திருந்தால் மகானாகவும் ஆகியிருப்பேன்.

இது 2008இல் வந்த ஃபால்அவுட் 3 என்ற வீடியோ கேம். இதில் உங்கள் கர்மா ஓர் எண்தான். மைனஸ் ஆயிரத்திலிருந்து ப்ளஸ் ஆயிரம் வரை ஓடும். திருடினால் இறங்கும், தானம் செய்தால் ஏறும். சொல் நம்முடையது, கணக்கு மட்டும் வட்டிக்கடைக் கணக்கு. நாம் கேட்டு வளர்ந்த சித்திரகுப்தனின் ஏட்டில் பாவம் ஒரு பக்கம், புண்ணியம் ஒரு பக்கம். ஒன்றைக் கொண்டு இன்னொன்றை அடித்துத் தள்ளுபடி கேட்க முடியாது, இரண்டையும் தனித்தனியே அனுபவித்தாக வேண்டும். ஃபால்அவுட் தொடரை நான் திரும்பத் திரும்ப ஆடக் காரணம், இந்தக் கணக்குக் குழப்பத்தோடு அது பல வருடங்களாக மல்லுக்கட்டிக்கொண்டிருப்பதுதான். எண் எங்கே ஒதுங்கிக்கொண்டதோ அங்கேயெல்லாம் இந்தத் தொடர் நன்றாக இருந்திருக்கிறது.

பின்னணியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2077 அக்டோபர் 23 அன்று உலகம் இரண்டே மணி நேரத்தில் அணு ஆயுதங்களால் அழிகிறது. 1950களின் அமெரிக்கா தன் எதிர்காலத்தை எப்படிக் கற்பனை செய்ததோ அப்படிப்பட்ட உலகம் அது: அணுசக்தியில் ஓடும் கார், வால்வு ரேடியோ, பல் தெரியச் சிரிக்கும் விளம்பரச் சித்திரங்கள். வால்ட்-டெக் என்ற நிறுவனம் கட்டிய நிலத்தடிக் காப்பகங்களுக்குள் போனவர்கள் பிழைத்தார்கள். பெரும்பாலான வால்ட்கள் காப்பகங்களே இல்லை, உள்ளே போனவர்களை வைத்து நடத்திய சோதனைக்கூடங்கள் என்பது பிறகுதான் தெரியவருகிறது. வெளியே மிஞ்சியவர்களில் சிலர் கதிர்வீச்சில் தோல் உரிந்தும் சாகாமல் இருநூறு வருடம் வாழ்கிறார்கள். அவர்கள்தான் கூல்கள். செலாவணி, சோடா பாட்டில் மூடி.

முதல் ஃபால்அவுட்டை டிம் கெய்ன் தலைமையில் இன்டர்ப்ளே நிறுவனத்தார் 1997இல் வெளியிட்டார்கள். அதிலும் கர்மா எண் உண்டு, ஆனால் ஓரமாகக் கிடக்கும். நடுவில் இருந்தது தண்ணீர். வால்ட் 13இன் தண்ணீர்ச் சுத்திகரிப்புச் சில்லு பழுதாகிவிடுகிறது. 150 நாளுக்குள் புதிது கொண்டுவராவிட்டால் உள்ளே இருப்பவர்கள் எல்லாரும் சாவார்கள். அலைந்து திரிந்து பார்த்தால் சில்லு நெக்ரோபொலிஸ் என்ற கூல்களின் ஊருக்கு அடியில் இருக்கிறது. அந்த ஊருக்கும் அதுதான் தண்ணீர் கொடுக்கிறது. பிடுங்கிக்கொண்டு வந்துவிடலாம். சாக்கடைக்குள் இறங்கி உதிரிபாகம் தேடி அவர்களுடைய பழைய பம்பைச் சரிசெய்து கொடுத்துவிட்டும் எடுக்கலாம். முதல்முறை ஆடியபோது பம்ப் என்று ஒன்று இருப்பதே எனக்குத் தெரியாது. நாள்காட்டி பயமுறுத்தியதில் எடுத்துக்கொண்டு ஓடிவந்துவிட்டேன். எனக்குக் கிடைத்தது கெட்டவன் பட்டம் அல்ல, அவசரக்காரன் பட்டம்கூட அல்ல. வால்ட் பிழைத்தது, அவ்வளவுதான்.

இன்னொரு வழியும் உண்டு. ஹப் என்ற சந்தை நகரத்து வணிகர்களிடம் பணம் கட்டி வால்ட்டுக்குத் தண்ணீர் வண்டி அனுப்பச் சொல்லலாம். கெடு நூறு நாள் நீளும். ஆனால் வண்டி போகும் தடத்தைப் பிடித்துக்கொண்டு எதிரிகள் வால்ட்டைச் சீக்கிரமே கண்டுபிடித்துவிடுவார்கள். உதவி என்று செய்ததே காட்டிக்கொடுப்பதாக முடிகிறது. இதற்கெல்லாம் எந்தப் புள்ளியைக் கூட்டுவது, எதைக் கழிப்பது?

அந்த எதிரிகளின் தலைவர்தான் மாஸ்டர். மனிதர்களை ஒரு வைரஸ் தொட்டியில் முக்கிச் சூப்பர் மியூட்டன்ட்களாக மாற்றுகிறார். எல்லாரும் ஒரே இனமாகிவிட்டால் இனி சண்டையே வராது என்பது அவருடைய கட்சி. அவரை நீங்கள் சுடலாம், கட்டடத்தோடு வெடிவைத்துத் தகர்க்கலாம். பேசவும் செய்யலாம். மியூட்டன்ட்களுக்குப் பிள்ளை பிறக்காது என்பதற்குப் பிணப் பரிசோதனைச் சான்று ஒன்று இருக்கிறது. அதைத் தேடிப் பிடித்துக்கொண்டுபோய்க் காட்டினால், தான் செய்த கொடுமை அத்தனையும் வீண் என்று உணர்ந்து அவரே தன் கோட்டையை அழித்துக்கொண்டு சாகிறார். வில்லனைத் தோற்கடிப்பது துப்பாக்கியோ நாயகனின் நல்ல மனசோ அல்ல, ஓர் ஆய்வறிக்கை. தான் நல்லது செய்வதாக உண்மையாகவே நம்பியவரிடம் மட்டும்தான் இந்த வழி செல்லுபடியாகும். வெறும் அதிகாரப் பித்தனாக இருந்திருந்தால் அறிக்கையைக் கிழித்துப் போட்டிருப்பார்.

முடிவு இன்னும் கசப்பு. உலகைக் காப்பாற்றிவிட்டு வால்ட் வாசலுக்கு வந்தால், தலைவர் உங்களை உள்ளே விட மறுக்கிறார். நீ உள்ளே வந்தால் பிள்ளைகள் எல்லாரும் உன்னைப் பார்த்து வெளியே கிளம்பிவிடுவார்கள், ஆகவே போய்விடு என்கிறார். அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது, அதுதான் எரிச்சல்.

ஜங்க்டவுன் என்ற ஊரின் கதையையும் இங்கே சொல்லியாக வேண்டும். சட்டத்தை மதிக்கும் கில்லியன் ஒரு பக்கம், சூதாட்டக்கூட முதலாளி கிஸ்மோ மறுபக்கம். முதலில் எழுதிவைத்த முடிவுகளில், கில்லியன் ஜெயித்தால் ஊர் அவருடைய கண்டிப்பில் இறுகிப்போகும், கிஸ்மோ ஜெயித்தால் காசு புரண்டு ஊர் செழிக்கும். வெளிவரும் முன் அதை மாற்றி, நல்லவருக்கு நல்ல முடிவு, கெட்டவருக்குக் கெட்ட முடிவு என்று ஆக்கிவிட்டார்கள். நல்லவனைத் தேர்ந்தவனுக்கு வெகுமதி கொடுக்காவிட்டால் ஆட்டக்காரன் கோபித்துக்கொள்வானோ என்ற பயம் 1997இலேயே இருந்திருக்கிறது. பிறகு வந்த பல கேம்களின் அறம் இந்தப் பயத்திலிருந்து பிறந்ததுதான்.

1998இன் இரண்டாம் பாகத்தைப் பற்றி ஒரே ஒரு செய்தி. முதல் இரண்டு பாகங்களிலும் குழந்தைகளைக்கூடக் கொல்ல முடியும். செய்தால் குழந்தைக் கொலைகாரன் என்ற பெயர் ஒட்டிக்கொள்ளும், வேட்டைக்காரர்கள் தேடி வருவார்கள். ஐரோப்பியப் பதிப்புகளில் இதற்காகக் குழந்தைகளையே திரையிலிருந்து எடுத்துவிட்டார்கள். பெதெஸ்டா 2007இல் தொடரின் உரிமையை வாங்கிய பிறகு வந்த பாகங்களில் குழந்தைகள் மேல் குண்டு பாயாது. அதோடு கதைக்குத் தேவையான பெரியவர்கள் பலரும் சுட்டால் மயங்கி விழுந்து, தூசி தட்டிக்கொண்டு எழுந்துவிடுவார்கள். கொல்ல முடியாதவனைக் கொல்லாமல் விட்டதில் என்ன பெருமை இருக்கிறது?

இப்போது மெகாடன். வெடிக்காத அணுகுண்டைச் சுற்றி எழுந்த தகரக் கொட்டகை ஊர் அது. உள்ளே நுழைந்ததுமே ஊர்த்தலைவர் லூகாஸ் சிம்ஸ் குண்டைச் செயலிழக்கச் செய்யக் கேட்கிறார். சாராயக்கடையில் கோட்டு சூட்டு போட்ட மிஸ்டர் பர்க் என்பவர் அதே குண்டை வெடிக்க வைக்கக் கேட்கிறார். காரணம்? தூரத்தில் ஒரு கோபுர மாளிகையில் வசிக்கும் டென்பென்னி என்ற பணக்காரரின் பால்கனியிலிருந்து பார்த்தால் இந்த ஊர் கண்ணை உறுத்துகிறதாம். கேம் உலகில் மிகப் புகழ்பெற்ற தார்மீகத் தேர்வு என்று இதைச் சொல்வார்கள். எனக்கு இது தேர்வாகவே படவில்லை. ஒரு பக்கம் ஊர் முழுக்க உயிர், மறுபக்கம் ஒரு கிழவரின் வேடிக்கை. இதில் யோசிக்க என்ன இருக்கிறது? வெடித்தால் எப்படி இருக்கும் என்ற ஆசை ஒன்றுதான் தராசின் மறுதட்டில் இருக்கிறது. அந்த ஆசை பொய்யில்லை, நானும் அதற்காகத்தான் வெடிக்க வைத்தேன். ஆனால் அது என் குணத்தைப் பற்றிச் சொல்வதைவிட, திரும்பிப் போக முன்கூட்டியே சேமித்த ஒரு சேவ் கோப்பு பத்திரமாக இருந்ததைப் பற்றித்தான் அதிகம் சொல்கிறது.

ஜப்பானியப் பதிப்பில் மிஸ்டர் பர்க் இல்லை, குண்டை வெடிக்க வைக்கும் வழியும் இல்லை. ஃபேட் மேன் என்ற ஆயுதத்தின் பெயரையும் மாற்றினார்கள். நாகசாகியில் விழுந்த குண்டின் பெயர் அது. அந்த ஊர்க்காரருக்கு இது வேடிக்கையாக இருக்க முடியாது என்று யாருக்கோ புரிந்திருக்கிறது. நம் பக்கம் நடந்தது வேறு கூத்து. 2008 அக்டோபரில், பண்பாட்டு உணர்வுகளைக் காரணம் காட்டி, ஃபால்அவுட் 3 இந்தியாவில் வெளிவராது என்று மைக்ரோசாஃப்ட் அறிவித்தது. எந்த உணர்வு என்று விளக்கவில்லை. இந்த உலகில் திரியும் இரண்டு தலை மாடுகளுக்குப் பிராமின் என்று பெயர் என்பதால் ஆட்டக்காரர்கள் எல்லாரும் அதையே காரணமாக ஊகித்தார்கள். ஊரை அணுகுண்டால் கொளுத்துவது இங்கே யாருக்கும் உறுத்தவில்லை போலிருக்கிறது.

டென்பென்னியின் அதே கோபுரத்தில் நடக்கும் இன்னொரு குவெஸ்ட், அதாவது கேம் நமக்குத் தரும் பணி, மெகாடனைவிடப் பல மடங்கு மேல். ராய் பிலிப்ஸ் என்ற கூல் தன் கூட்டத்தோடு வாசலில் நிற்கிறார். எங்களிடம் காசு இருக்கிறது, தோல் சரியில்லை என்பதற்காக உள்ளே விடமாட்டேன் என்கிறார்கள் என்பது அவருடைய முறையீடு. பார்த்த உடனே நமக்கு யார் பக்கம் நிற்க வேண்டும் என்று தெரிந்துவிடுகிறது. ஒவ்வொரு குடியிருப்பாளரிடமும் பேசி, சிலரை விரட்டி, ஒருவழியாகச் சமாதானமாகக் கூல்களைக் குடியேற்றிவிட்டு மனநிறைவோடு கிளம்புகிறோம். சில நாள் கழித்துத் திரும்பி வந்தால் மனிதர்கள் ஒருவர்கூட இல்லை. பிணங்கள் அடித்தளத்தில் கிடக்கின்றன. கருத்து வேறுபாடு வந்தது என்று ராய் சாதாரணமாகச் சொல்கிறார்.

ஒடுக்கப்பட்டவர் என்பதாலேயே ஒருவர் நல்லவர் ஆகிவிடுவதில்லை, அவர் கெட்டவர் என்பதால் அவருக்கு நடந்த அநீதி இல்லாமலும் போய்விடுவதில்லை. இரண்டையும் ஒரே கதையில் வைத்த துணிச்சலைப் பாராட்டலாம். ஆனால் எண் குறுக்கே வருகிறது. அந்தக் கொலைகளுக்குப் பிறகு ராயைச் சுட்டால் நம் கர்மா குறைகிறது! எழுதியவர் ஒன்று சொல்ல, கணக்கெழுதும் நிரல் வேறொன்று சொல்கிறது.

முடிவில் இதைவிடப் பெரிய இடறல். ஜெஃபர்சன் நினைவிடத்தில் தண்ணீர்ச் சுத்திகரிப்பு எந்திரத்தை இயக்க ஒருவர் கதிர்வீச்சு நிறைந்த அறைக்குள் போய்ச் சாக வேண்டும். பக்கத்தில் ஃபாக்ஸ் என்ற மியூட்டன்ட் நண்பர் நிற்கிறார். கதிர்வீச்சு அவரை ஒன்றும் செய்யாது. கொஞ்ச நேரம் முன்புதான் இதே மாதிரி அறைக்குள் நுழைந்து நமக்காக ஒரு கருவியை எடுத்துவந்து கொடுத்தார். இப்போது கேட்டால், இது உன் விதி, நான் தலையிட மாட்டேன் என்கிறார். தியாகம் வேண்டும் என்று கதை முடிவுகட்டிவிட்டது, ஆகவே நண்பனின் புத்தியை மழுங்கடித்துவிட்டது. ஆட்டக்காரர்கள் போட்ட சத்தத்தில் 2009இல் வந்த ப்ரோக்கன் ஸ்டீல் என்ற இணைப்பில் அவரை அனுப்ப வழி செய்தார்கள். அப்படிச் செய்தாலும் கதைசொல்லியின் குரலில் நம்மைக் குத்தும் தொனி போகவில்லை.

நான்காம் பாகத்தை வரிசை மாற்றி முன்னாலேயே சொல்லிவிடுகிறேன், கடைசியில் பேச வேண்டியது வேறு இருக்கிறது. 2015இல் வந்த அதில் கர்மாவே இல்லை. சித்திரகுப்தன் வேலையை விட்டுவிட்டான். அவன் இடத்தில் கூட வரும் தோழர்களை உட்கார வைத்திருக்கிறார்கள். நீங்கள் செய்வது ஒருவருக்குப் பிடித்தது, இன்னொருவருக்குப் பிடிக்கவில்லை என்று திரை சொல்லும். பூட்டைத் திறந்தால் பத்திரிகைக்காரி பைப்பருக்கு மகிழ்ச்சி, மியூட்டன்ட் ஸ்ட்ராங்குக்கு எரிச்சல். யோசனை நல்லதுதான். நம்மைப் பார்ப்பவர் மாறினால் நம் செயலின் நிறமும் மாறத்தானே செய்கிறது. ஆனால் நடைமுறையில் ஒருவரை மகிழ்விக்க நாள் முழுக்கப் பூட்டுத் திறந்துகொண்டு அலைய வேண்டியதாகிவிட்டது. பேச்சும் சுருங்கிவிட்டது. எந்த உரையாடலுக்கும் நான்கே பதில், அதில் பாதி ஒரே ஆமாம்தான், ஒன்று சிரித்துக்கொண்டு, ஒன்று முறைத்துக்கொண்டு.

கதையின் முடிச்சு மட்டும் பலமானது. 2077இல் உறைய வைக்கப்பட்ட நீங்கள், கடத்தப்பட்ட கைக்குழந்தை ஷானைத் தேடி 2287இல் விழிக்கிறீர்கள். கண்டுபிடிக்கும்போது அவருக்கு வயது அறுபது. நீங்கள் எதிர்க்க வேண்டிய இன்ஸ்டிட்யூட் அமைப்பின் தலைவரே அவர்தான். மகனைவிட இளைய தாயாகவோ தகப்பனாகவோ அவர் முன் நிற்கிறீர்கள். அவர் பெயரே அங்கே ஃபாதர். இதை வைத்து எவ்வளவோ செய்திருக்கலாம், கேம் சீக்கிரமே துப்பாக்கியிடம் திரும்பிவிடுகிறது.

அடுத்த வருடம் வந்த ஃபார் ஹார்பர் என்ற இணைப்பில் டீமா என்ற சின்த் வருகிறார், அதாவது செயற்கை மனிதர். சாந்த சொரூபி, தீவில் மூன்று கூட்டத்தையும் சண்டை போடாமல் காப்பவர். தன் நினைவுகளில் சிலவற்றைக் கழற்றி வேறிடத்தில் ஒளித்துவைத்திருக்கிறார். நாம் தோண்டி எடுத்தால், ஊரின் தலைவி கேப்டன் ஏவரியைக் கொன்று, அவரைப் போலவே ஒரு சின்த்தைச் செய்து அந்த இடத்தில் வைத்தது தெரிகிறது. செய்தது அவர்தான், ஆனால் அவருக்கே நினைவில்லை. தன் பாவக் கணக்கின் பக்கத்தைத் தானே கிழித்துக்கொண்டவர். அந்தக் கொலையால்தான் தீவு அமைதியாக இருக்கிறது என்பதும் உண்மை. ஊருக்குள் போய் உண்மையைச் சொன்னால் இன்னும் எத்தனை பேர் சாவார்கள் என்று யோசித்துக்கொண்டு படகுத்துறையில் வெகுநேரம் நின்றிருக்கிறேன்.

2018இன் ஃபால்அவுட் 76 வெளிவந்தபோது உயிரோடு பேசும் மனிதர் ஒருவரும் இல்லை, ஒலிநாடாவும் ரோபோவும்தான். 2020இல்தான் ஆட்களைச் சேர்த்தார்கள். பார்க்க ஆளில்லாத இடத்தில் அறமும் இல்லை.

சரி, நியூ வேகஸ். 2010இல் ஆப்சிடியன் நிறுவனம் ஜோஷ் சாயர் இயக்கத்தில் சுமார் 18 மாதத்தில் செய்த கேம். கர்மா எண் இதிலும் ஒட்டிக்கொண்டிருக்கிறது, யாரும் கவனிப்பதில்லை. வேலை செய்வது நற்பெயர்க் கணக்கு. ஒவ்வொரு ஊரும் கூட்டமும் உங்களைப் பற்றி இரண்டு தனி ஏடு வைத்திருக்கின்றன, ஒன்றில் புகழ், ஒன்றில் பழி. ஒன்று இன்னொன்றைக் கழிக்காது. ஊருக்கு நிறைய நல்லதும் நிறையக் கெட்டதும் செய்தவனை அவர்கள் நடுநிலையாளன் என்று சொல்வதில்லை, எப்போது என்ன செய்வானோ என்று தெரியாத ஆள் என்கிறார்கள். தொடக்கத்தில் நான் சொன்ன சித்திரகுப்தன் ஏடு இதுதான். கலிபோர்னியாவில் உட்கார்ந்திருந்தவர்களுக்கு அது எப்படிப் பிடிபட்டதோ! மன்னிப்பும் இங்கே புண்ணியத்தால் வருவதில்லை. பாதிக் கதையில், நீங்கள் தேவைப்படுகிறீர்கள் என்ற ஒரே காரணத்துக்காகச் சீசர் என்ற படைத்தலைவரின் தூதுவன் வந்து, பழைய குற்றமெல்லாம் தள்ளுபடி என்று ஒரு பதக்கத்தை நீட்டுகிறான்.

கதை 2281இல், ஹூவர் அணைக்காக நடக்கும் இழுபறி. மேற்கே புதிய கலிபோர்னியக் குடியரசு: தேர்தல் உண்டு, வரி உண்டு, பேராசையும் உண்டு. கிழக்கே சீசரின் லீஜன்: அடிமை முறையும் சிலுவையில் அறைதலும். நடுவே ராபர்ட் ஹவுஸ்: போருக்கு முந்திய தொழிலதிபர், எந்திரத்துக்குள் உடம்பை வைத்துக்கொண்டு இருநூறு வருடமாக உயிரோடிருந்து வேகஸை ஆள்கிறார். குண்டு விழுந்த நாளில் நகரை நோக்கி வந்த ஏவுகணைகளில் பெரும்பாலானவற்றைத் தடுத்தவர். தேவைப்பட்ட ஒரு சில்லு உரிய நேரத்தில் வந்திருந்தால் எல்லாவற்றையும் தடுத்திருப்பார். மனிதனை மறுபடி விண்வெளிக்கு அனுப்பும் திட்டம் அவரிடம்தான் இருக்கிறது. கேட்கும் விலை, அவரை யாரும் கேள்வி கேட்கக் கூடாது.

சீசரின் இயற்பெயர் எட்வர்ட் சாலோ. மருத்துவமும் கல்வியும் கொடுக்கும் ஒரு தொண்டர் அமைப்பில் வளர்ந்த படிப்பாளி. நேரில் சந்தித்தால் ஹெகலின் முரணியக்கத்தைப் பாடமாக எடுக்கிறார். குடியரசு ஒரு கருத்து, நான் அதன் மறுப்பு, இரண்டும் மோதி மூன்றாவது பிறக்கும் என்கிறார். அவருடைய நிலத்தில் கொள்ளையர் பயம் இல்லை என்று வணிகர்கள் சொல்வதும் காதில் விழும். அந்த நிலத்துக்குள் நாம் கால் வைக்கவே முடியாது, கேமில் அது இல்லை. அதனால் லீஜன் பக்கத்து நியாயம் கடைசிவரை வாய்ச்சொல்லாகவே நிற்கிறது, நாம் கண்ணால் பார்ப்பது சிலுவைகளை மட்டும். இந்தக் கேமின் பெரிய குறை என்றால் இதைத்தான் சொல்வேன்.

நான்காவது வழியும் வைத்தார்கள், யாரோடும் சேராமல் வேகஸை நாமே எடுத்துக்கொள்வது. அதற்கு உதவ யெஸ் மேன் என்ற ரோபோ. யார் எதைக் கேட்டாலும் சிரித்துக்கொண்டே ஆமாம் போடும், உடைத்தாலும் வேறு உடம்பில் திரும்பி வரும். வேடிக்கைப் பாத்திரம் மாதிரி தெரிந்தாலும் கேமின் முதுகெலும்பு அதுதான். கடைசிவரை போக இப்படி ஒருவர் எப்போதும் இருப்பதால், மற்ற பெரியவர்களில் அநேகமாக யாரையும் நீங்கள் கொல்லலாம், கதை அறுந்துபோகாது. கொல்லாமல் விடுவது இங்கேதான் மறுபடி உண்மையான முடிவு ஆகிறது.

வால்ட் 11க்குள் நுழைந்தபோது எனக்கு ஒன்றும் புரியவில்லை. சுவரெல்லாம் தேர்தல் சுவரொட்டிகள், ஆனால் ஒவ்வொரு சுவரொட்டியும் ஒருவரைத் திட்டி, அவருக்கே வாக்களிக்கச் சொல்கிறது. கணினிக் குறிப்புகளைப் படிக்கப் படிக்கத்தான் விஷயம் துலங்குகிறது. வருடத்துக்கு ஒருவரைப் பலி கொடுக்காவிட்டால் எல்லாரையும் கொன்றுவிடுவதாக வால்ட்டின் கணினி மிரட்டியிருக்கிறது. இது முன்கூட்டியே தெரிந்திருந்த முதல் தலைவரையே மக்கள் முதல் பலியாக அனுப்பினார்கள். அதிலிருந்து தலைவர் பதவி என்றால் அடுத்த பலி. ஆகவே கட்சிகள், வாக்கு வங்கிகள், பேரங்கள், மிரட்டல்கள். கேதரின் ஸ்டோன் என்ற பெண், கணவர் பெயரைச் சொல்லி மிரட்டிய கட்சிக்காரர்களை ஒவ்வொருவராகக் கொன்று, அந்தக் குற்றத்துக்காகத் தானே தலைவியாகத் தேர்ந்தெடுக்கப்படுகிறாள். பதவிக்கு வந்ததும் அவள் போடும் ஒரே உத்தரவு: இனிமேல் தேர்தல் கிடையாது, பலியாளைக் கணினி குலுக்கலில் எடுக்கும். கட்சிகள் ஆயுதம் எடுக்கின்றன.

கடைசியில் மிஞ்சிய ஐந்து பேர், இனி யாரையும் அனுப்ப மாட்டோம், எங்களைக் கொன்றுகொள் என்று கணினியிடம் சொல்கிறார்கள். கணினி அவர்களை வாழ்த்துகிறது, கதவைத் திறக்கிறது. ஆரம்பத்திலிருந்தே சோதனை அவ்வளவுதான், ஒருமுறை மறுத்திருந்தால் போதும். ஐவரின் குரலும் வாசலில் கிடக்கும் ஒலிப்பதிவில் இருக்கிறது. வெளியே போய் இதை யாரிடம் சொல்வது என்று பேசிக்கொள்கிறார்கள். பிறகு துப்பாக்கிச் சத்தம். நாம் நுழையும்போதே கேட்டுவிட்ட ஒலிப்பதிவு அது, அப்போது அர்த்தம் புரிந்திருக்காது.

இந்த வால்ட்டில் நமக்குத் தேர்வு எதுவும் இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். எல்லாம் முடிந்துபோன இடத்தில் காகிதம் பொறுக்குகிறோம். ஆனாலும் தொடர் முழுவதிலும் என்னைப் பிடித்து உலுக்கிய இடம் இதுதான். அந்த வாக்குச்சீட்டில் நான் யார் பெயரை எழுதியிருப்பேன் என்ற கேள்விக்குப் பொத்தான் எதுவும் இல்லை.

தோழர்களில் பூன். நோவாக் என்ற சிற்றூரில், பெரிய டைனோசர் பொம்மையின் வாயில் இரவுக் காவல் நிற்கும் குறிபார்த்துச் சுடுபவர். மனைவி கார்லாவை ஊரிலேயே யாரோ லீஜனுக்கு விற்றுவிட்டார்கள். யார் என்று கண்டுபிடித்து டைனோசர் முன்னால் கூட்டிவா, நான் கொடுக்கும் தொப்பியை அப்போது போட்டுக்கொள், மிச்சத்தை நான் பார்த்துக்கொள்கிறேன் என்கிறார். விடுதிக்காரப் பாட்டியின் பெட்டகத்தில் விற்பனைப் பத்திரம் இருக்கிறது, வயிற்றிலிருந்த பிள்ளைக்குத் தனி விலை போட்டு. ஆனால் பத்திரத்தைத் தேடாமலே, ஊரில் பிடிக்காத யாரையாவது கூட்டிப்போய் நிறுத்தித் தொப்பியைப் போட்டாலும் பூன் சுடுவார். நம்மை நம்பித்தான் சுடுகிறார். பிறகு பழகப் பழக மீதிக் கதை வெளிவருகிறது: கார்லாவைத் தேடிப்போய், ஏலத்தில் நிற்பதைப் பார்த்து, காப்பாற்ற வழியில்லை என்று அவரே அவளைச் சுட்டார். அதற்கும் முன்னால் பிட்டர் ஸ்பிரிங்ஸில், தப்பி ஓடிவந்த கான் இனத்துப் பெண்களையும் பிள்ளைகளையும் உத்தரவின்படி சுட்ட படையில் இருந்தார். தனக்கு நடப்பதெல்லாம் அதற்கான வினைப்பயன் என்று நம்புகிறார். இந்தக் கேமில் உண்மையான கர்மா நம்பிக்கை உள்ள ஒரே ஆள் பூன்தான் என்று தோன்றும். அவரை அந்த இடத்துக்கே திரும்பக் கூட்டிப்போக முடியும். மன்னிப்புக் கொடுக்க மட்டும் நம்மால் முடியாது.

அப்புறம் லில்லி. ஜேக்கப்ஸ்டவுன் மலையூரில் ஆடு மேய்க்கும் சூப்பர் மியூட்டன்ட் பாட்டி. தலையில் வைக்கோல் தொப்பி, கையில் ஆள் உயர வாள். நம்மைப் பேரப்பிள்ளை என்றே கூப்பிடுவார். மண்டைக்குள் லியோ என்று இன்னொருவன் இருக்கிறான், கொல்லச் சொல்வான். அவனை அடக்க டாக்டர் ஹென்றி மருந்து கொடுக்கிறார். முழு அளவு சாப்பிட்டால் லியோ அடங்குவான், ஆனால் மனிதப் பிறவியாக இருந்த காலத்துப் பேரப்பிள்ளைகளின் நினைவும் அழிந்துபோகும். அதனால் பாட்டி பாதி அளவு சாப்பிட்டுக்கொண்டு ஒப்பேற்றுகிறார். அவரிடம் பேரப்பிள்ளைகள் பேசிய ஒலிநாடா ஒன்று இருக்கிறது, எப்போதோ செத்துப்போன குழந்தைகளின் குரல். வழியில் உட்கார்ந்து அதைப் போட்டுக் கேட்பார். பிறகு நம்மிடமே கேட்பார்: முழு மருந்து சாப்பிடட்டுமா, நிறுத்திவிடட்டுமா, இப்படியே இருக்கட்டுமா?

மூன்று முறை ஆடியிருக்கிறேன். முதல் முறை முழு மருந்து சாப்பிடச் சொன்னேன், வழியில் போகிறவர்களை அவர் வெட்டிவிடக் கூடாதே என்று. அடுத்த முறை, அப்படியே இருக்கட்டும் பாட்டி என்றேன். மூன்றாவது முறை ஜேக்கப்ஸ்டவுன் பக்கமே போகவில்லை.